குழாய்ச் சத்தம்

காலைச் சாப்பாட்டின் நடுவே ஆன் அப்படியே உறைந்துபோகிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. ஜோர்ஜ் குழாயைத் திறந்து துணியை நனைத்து, மனைவியின் முகத்திலும் கழுத்திலும் ஒற்றிப் பார்க்கிறார். பிறகு உடை மாற்ற உள்ளே ஓடுகிறார். குழாய் திறந்தே கிடக்கிறது. தண்ணீர் விழும் சத்தம். சட்டென்று அது நின்றுபோகிறது. திரும்பி வந்தால், குழாயை ஏன் அப்படியே விட்டுப் போனீர்கள் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஆன். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

மிக்கேல் ஹனேக்கேயின் ‘அமூர்’, 2012-ல் கான் விழாவில் தங்கப் பனை வாங்கிய படம். இந்தக் குழாய்க்காகவே மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்று முறையும் எனக்குத் தெரிந்தது பாரீஸ் இல்லை, புதுச்சேரியில் எங்கள் மேட்டுப்பாளையம் வீடு.

தாத்தா ரோடியர் மில்லில், அதாவது ஏ.எஃப்.டி.யில், நெசவுப் பிரிவு. தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் பேச்சு. வேலையை விட்டு வரும்போது காதும் போயிருந்தது. லாரி முனையத்துக்குப் போகும் வண்டிகளைத் தரை அதிர்வதை வைத்துத் தெரிந்துகொள்வார். அவருக்காக ஆயாவும் மில் பாஷை கற்றுக்கொண்டாள். கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். மணிக்கட்டைத் தட்டினால் நேரமாச்சு. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் சேர்த்துவைத்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்துபோச்சு. மில்லில் அதற்கு அது மட்டும்தான் அர்த்தம். வீட்டில் கரண்ட் போனாலும் அதுதான், கேஸ் தீர்ந்தாலும் அதுதான்.

அவளோடு அவருக்கு ஓயாத சண்டை ஒன்று உண்டு. காலையில் தண்ணீர் வரும், குடம் நிரம்பி வழியும், தாத்தா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். “குழா தொறந்து கெடக்குது, கண்ணு கூடவா தெரியல ஒங்களுக்கு?” என்று ஆயா வந்து மூடுவாள்.

ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆனைப் போலவே வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. மருமகள்கள் அவள் வாயைப் பார்த்துத் தவித்தார்கள். தாத்தா அவள் இடது கையைப் பார்த்தார். தண்ணீர் கேட்க ஒரு கை போதும். ஆனால் இழை அறுந்ததைச் சொல்ல இரண்டு விரல் வேண்டுமே. அவள் இடது ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவாள். தாத்தா குனிந்து தன் விரலை அதோடு ஒட்டிவைப்பார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொள்வாள். தலையணை நழுவியதா, புடவை நனைந்ததா என்று அவர் பார்க்கத் தொடங்குவார்.

ஜோர்ஜ் கடைசியில் ஆனின் முகத்தில் தலையணையை அழுத்தியது சரியா என்று படம் பார்த்தவர்களெல்லாம் கேட்கிறார்கள். எனக்கு அவரைக் குற்றம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பின்னால் வரும் காட்சியில் அவர் தனியாகப் படுத்திருக்கிறார். சமையலறையில் சத்தம் கேட்கிறது. எழுந்து போனால், செத்துப்போன ஆன் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார்.

தாத்தாவுக்கு அந்தச் சத்தம் கேட்க வழியில்லை. ஆயா போன பிறகு, ராத்திரி படுக்கும் முன் குழாயடிக்குப் போய், அதன் வாய்க்குக் கீழே உள்ளங்கையை விரித்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நிற்பார்.