கொல்லிமலைப் பாவை

சேலம் ஜில்லாவின் கிழக்குப் பக்கத்திலே கெங்கவல்லி என்றோர் ஊர். தெற்கே பச்சைமலை, மேற்கே, வானம் தெளிந்த காலைகளில், கொல்லிமலை. அம்மலையில் பிறக்கும் சுவேத நதி இவ்வூர்ப் பக்கமாக ஓடுகிறது. ஓடுகிறது என்பது மழைக்காலத்துக்கே பொருந்தும். மற்ற மாதங்களில் மணலைத்தான் தரிசிக்கலாம்.

இங்குள்ள பிள்ளைகளிடம் கொல்லிப்பாவை யாரென்று கேட்டால், சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பதுமை என்பார்கள். அசுரரை ஒழிக்கத் தேவர் அமைத்த யந்திரம் என்று பெரியோர் சேர்த்துக்கொள்வர். நல்ல கதைதான். ஆனால் பரணர் நற்றிணையில் பாடிய பாவை, காற்று மோதினும், இடி விழினும், நிலமே அதிரினும் எழில் குன்றாதவள். கபிலரோ குறுந்தொகையில், வல்வில் ஓரியின் மலைப்பாவையைத் தலைவிக்கு உவமையாக்குகிறார். அவளைப் பூதம் படைத்ததென்று வேறொரு நற்றிணைப் பாட்டுக் கூறும். இப்பாட்டுக்களில் கொலைப் பேச்சே இல்லை! பின்னத்தூர் நாராயணசாமி ஐயர் நற்றிணையை 1915-லும், உ. வே. சாமிநாதையர் குறுந்தொகையை 1937-லும் உரையோடு அச்சில் தந்த பிறகும், நம் வீடுகளில் வழங்குவது கொலைப் பதுமைதான்.

கடலுக்கு அப்பாலும் இத்தகைய மாறாட்டம் நடந்திருக்கிறது. கனடாவின் மேற்குப் பகுதியில் சாலிஷ் மொழிகள் பேசும் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். அவர்களுடைய செஹாலிஸ் குடியிருப்பில் ஆசிரியராயிருந்த ஜே. டபிள்யூ. பர்ன்ஸ், அங்கே கேட்ட காட்டு மனிதர் கதைகளை 1929-இல் 'மக்லீன்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார். (என் தொழிலைச் சேர்ந்தவராதலால் அவரிடம் எனக்குச் சற்று வாஞ்சை உண்டு.) 'ஸாஸ்க்வாட்ச்' என்னும் பெயரை ஆங்கில வாசகரிடையே பரப்பியவர் அவரே. அக்கதைகளில் வருவோர் ரோமம் அடர்ந்த பேருருவினர். ஆயினும் மனிதர்கள், பேசத் தெரிந்தவர்கள். 1958-இல் கலிபோர்னியாவில் பெருங்காலடிகள் கண்டதாகப் பத்திரிகைகள் முழங்கவே, அவர்கள் குரங்கினமாகிவிட்டார்கள்! காலஞ்சென்ற தம் தந்தை மரப் பாதங்களால் பதித்த தடங்கள் அவை என்று ஒரு குடும்பத்தார் 2002-இல் தெரிவித்தனர். அதற்குள் உலகம் குரங்கைத் தேடிப் புறப்பட்டாயிற்று. கதைக்கு உரியவர்களைக் கேட்டவர் சிலரே.

நம் மலைகளில் வாழும் மலையாளி மக்களைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் எழுதினார்; அவர்கள் காஞ்சியிலிருந்து வந்ததாகச் சொல்லும் வரலாற்றையும் குறித்தார். மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயிலில் இன்றும் பாவையை அம்மனாகவே வணங்குகிறார்கள். ஆளைக் கொல்லும் யந்திரத்தினிடம் பிள்ளை வரம் கேட்பார் உண்டோ?

இவ்வருஷம் எங்கள் மாணவர்கள் மலைக்குப் போகும்போது ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்வார்கள். அங்குள்ள பாட்டிமார் பாவையைப் பற்றிச் சொல்வதை, அவர்கள் வார்த்தையிலேயே, ஒன்றையும் திருத்தாமல் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.