பள்ளியில் சொல்லலாமா, போலீசில் சொல்லலாமா?

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது லாத்தா (அக்கா) ஒருவர் பள்ளிவாசலுக்கு எதிரே நின்றிருந்தார். மகனுக்குப் பத்தொன்பது வயது. கஞ்சாவில் தொடங்கியவன், இப்போது வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிறான். "தம்பி, இத பள்ளில சொல்லலாமா, போலீஸ்ல சொல்லலாமா?" பள்ளியில் சொன்னால் மகளின் நிக்காஹ் நின்றுபோகும் என்று பயம். போலீசில் சொன்னால் மகனின் வளைகுடாப் பயணம் நின்றுபோகும் என்று பயம். அன்றிலிருந்து எழுதி வைத்தவை இவை.

*

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் எடையைப் பார்க்கிறது. கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினில் 5 கிராம், 250 கிராம். வணிக அளவுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. உட்கொண்ட குற்றத்துக்கு 27-ஆம் பிரிவில் ஹெராயின், கொகெய்ன் என்றால் ஓராண்டு வரை. கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை. எதுவானாலும் சிறையோ அபராதமோ இரண்டுமோ. விற்பவனையும் விழுந்தவனையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஊர்ப் பேச்சில்தான் இருவரும் ஒன்று.

*

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்குக்கு ஆளான போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடிவிட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம். இத்தனை ஜும்ஆ பயான்களில் ஒன்றில்கூட இதை நான் கேட்டதில்லை.

*

குர்ஆன் மதுவைப் படிப்படியாகத் தடுத்தது. முதலில் தீங்கு பெரிது என்றது, பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதே என்றது, கடைசியில் முழுதாக விலக்கியது. கஞ்சா அங்கே பெயராக இல்லை. மயக்குவது எதுவும் ஹராம் என்ற நபிமொழியை வைத்து மார்க்கச் சட்டமான ஃபிக்ஹ் அறிந்த ஃபுகஹாக்கள் அதையும் உள்ளே கொண்டுவந்தார்கள். 14-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த ஸர்கஷீ கஞ்சாவுக்கென்றே தனி நூல் எழுதினார். அவர் ஷாஃபி மத்ஹபுக்காரர், நம் கடற்கரை ஊர்கள் பின்பற்றும் அதே மத்ஹப். ஷரீஅத் காக்க வந்த ஐந்தில் அறிவையும் ஒன்றாக எண்ணிய கஸ்ஸாலியும் ஷாஃபிதான்.

சிகிச்சைக்கு மயக்க மருந்து கூடும் என்பதை ஃபிக்ஹ் ஏற்கிறது. 1985 சட்டமும் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வழி விட்டே தடை போடுகிறது.

*

போன மாதம் ஜமாஅத் இளைஞரணிப் பையன்கள் நான்கைந்து பேர் இரவில் ஒரு வீட்டுக்குள் புகுந்து 'சோதனை' போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 'இஹ்யா' நூலில் கஸ்ஸாலி எடுத்துச் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கலீஃபா உமர் சுவரேறி ஒருவனின் தவறைப் பார்த்துவிடுகிறார். நான் செய்த பிழை ஒன்று, நீங்கள் செய்தது மூன்று என்கிறான் அவன்: துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, ஸலாம் சொல்லவில்லை. தவ்பா செய்யச் சொல்லிவிட்டு உமர் திரும்பிப் போகிறார்.

போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் அதே சுவரைத்தான் காக்கிறது. வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் குறிப்பிட்ட அதிகாரிகளுக்கு மட்டுமே. சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைந்தால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். ஜமாஅத் இளைஞரணிக்கு மார்க்கத்திலும் சட்டத்திலும் அந்த இடமில்லை. தகவல் சொல்லலாம், அவ்வளவுதான்.

*

பள்ளி நிர்வாகக் கூட்டத்தில் ஒரு யோசனை: போதையில் சிக்கியவன் வீட்டு நிக்காஹ்வுக்குத் தஃப்தர் (நிக்காஹ் பதிவேடு) தரக்கூடாது. நான் எதிர்த்துப் பேசினேன். தண்டனை காழியின், அரசின் வேலை. பள்ளி நிர்வாகியான முத்தவல்லியின் வேலையல்ல என்பது ஃபிக்ஹ். ஃபத்வாவுக்குச் சட்ட வலு இல்லை, அதை யார்மீதும் திணிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் விஷ்வ லோசன் மதன் வழக்கில் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தத் தங்கை என்ன தப்புச் செய்தாள்?

குடித்ததற்காக அடிபட்ட மனிதரைச் சிலர் சபித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணை போகாதீர்கள் என்பது அதன் கருத்து. புகாரியில் இருக்கிறது. தஃப்தரை மூடுவது அந்தத் துணைதான்.

*

கிராம சபை என்ன செய்யலாம்? கைது செய்ய முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவேலம் புதர். அங்கே விளக்கு இல்லை, வியாபாரம் அங்கேதான். தெருவிளக்கு 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சியின் கடமை. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் சட்டம். அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதிக் கொடுக்கப் போகிறேன். புதரை வெட்டும் கூலியை ஜமாஅத்தின் பொது நிதியான பைத்துல்மாலில் கேட்கலாம்.

*

லாத்தாவை மறுபடி பார்த்தேன். பள்ளிக்கும் போலீசுக்கும் முன்னால் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுவோம், 14446 என்று இலவச உதவி எண் இருக்கிறது என்றேன். எண்ணை எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"தனியாப் போகச் சொல்றீங்களா தம்பி?"

திங்கள் காலை முதல் பஸ். கூடப் போகிறேன்.