சிவப்பு விளக்கும் ரெண்டு வழியும்

ஆணி புடுங்குறதுல இருந்து நாலு நாள் லீவு போட்டுட்டு குடுமியான்மலையில இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குடைவரைக் கோயில் பக்கத்துப் பாறையில இருக்கிற இசைக் கல்வெட்டை இந்தத் தடவையாவது நிதானமா பாக்கணும்னு திட்டம். விதி யாரை விட்டது?

அக்கா பொண்ணுக்கு வேளாண்மை படிக்கணும்னு ஆசை. ஊருலயே 2014-ல் இருந்து வேளாண் கல்லூரி இருக்கு, அதைப் பாத்தே வளர்ந்தவ. விண்ணப்பத்துக்கு அன்னைக்குத்தான் கடைசி நாள். சான்றிதழை ஸ்கேன் பண்ணி ஏத்தணும். மணி மூணரை. மோடத்துல சிவப்பு விளக்கு! எங்கேயோ ஃபைபர் அறுந்திருக்கு.

"இதுக்கெல்லாம் பயப்படலாமா?"ன்னு கெத்தா என் போனை யூஎஸ்பி வழியா டெபியன் மடிக்கணினியில சொருகினேன். போன்ல சிக்னல் இருக்கு, கணினியும் இணைப்பு கிடைச்சதுன்னு சொல்லுது. ஆனா ஒரு பக்கம்கூட திறக்கல.

"அந்த மோடம் கம்பியைப் புடுங்கிப் போடு மாப்ள"ன்னார் அத்தான். முடியாதே! ஸ்கேனரும் அதே மோடத்துலதான் தொங்குது. எனக்கு ரெண்டும் வேணும்.

'ஐபி ரூட்'னு அடிச்சுப் பாத்தேன். டிஃபால்ட்னு ரெண்டு வரி. மோடம் வழிக்கு மெட்ரிக் 100, போன் வழிக்கு 101. மெட்ரிக் கம்மியா இருக்கிற வழியிலதான் கெர்னல் அனுப்பும். மோடத்துக்கு அந்தப் பக்கம் இணையம் செத்துப் போனது அதுக்குத் தெரியாது. கம்பி சொருகியிருக்கா, மோடம் உயிரோட இருக்கா, அவ்ளோதான் கணக்கு. பாலம் உடைஞ்சாலும் 'புதுக்கோட்டை செல்லும் வழி' போர்டு அப்படியே நிக்கும்ல, அந்த மாதிரி.

'சூடோ ஐபி ரூட் டெல் டிஃபால்ட் வயா 192.168.1.1'. மோடம் வழி டிஃபால்ட் போச்சு. ஸ்கேனர் போகல, ஏன்னா 192.168.1.0/24-க்குத் தனி வரி இருக்கு. பொதுவான வழியை விட குறிப்பான வழிக்குத்தான் எப்பவும் முதல் மரியாதை.

அப்பவும் பக்கம் ஆமை வேகத்துல வந்துச்சு. மணி நாலே கால். மருமக நகத்தைக் கடிக்கிறா, எனக்கு கை நடுங்குது. அப்புறம்தான் உறைச்சுது: பாதையை மாத்தினேன், முகவரி கேக்குற ஆளை மாத்தல! டிஎன்எஸ் பட்டியல்ல முதல் ஆள் இன்னும் அதே மோடம்தான். ஒவ்வொரு பேருக்கும் அவரைக் கேட்டு 5 நொடி காத்திருந்துட்டு, அப்புறம்தான் அடுத்த ஆள்கிட்ட போகுது. ரிசால்வ் டாட் கான்ஃப் கோப்புல போனோட முகவரியை மேல ஏத்தினேன். சர்ருன்னு திறந்துச்சு.

நாலு முப்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போயிடுச்சு. அக்கா அப்பத்தான் டீ போட எழுந்தா.

ரூட்டை அழிச்சது தற்காலிக வைத்தியம்தான் மக்களே, கம்பியைக் கழட்டி மாட்டினா பழைய வழி திரும்ப வந்துடும். நெட்வொர்க் மேனேஜர்ல இணைய இருப்பைச் சோதிக்கிற வசதி இருக்கு. இணையம் இல்லாத வழியோட மெட்ரிக்ல 20000-ஐக் கூட்டி, தானே பின்னால தள்ளிடும். டெபியன்ல அதுக்குத் தனிப் பொதி, நிறுவணும். நான் நிறுவாம விட்டிருந்தேன். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவன்!

பி.கு: எல்லாம் முடிஞ்சதும் மருமக கேட்டா: "மாமா, சான்றிதழை போன்லயே படம் எடுத்து, போன்லயே ஏத்தியிருக்கலாமே?" நான் டீயைக் குடிச்சுட்டு கல்வெட்டு பாக்கக் கிளம்பிட்டேன் :-)