தறிக்காலில் குடியிருப்பவர்கள்

ஐயம்பேட்டையில் குழித்தறிக்கு மரவேலை செய்கிறவனுக்குப் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிழைப்பு: தறிக்கால் மண்ணைத் தொடும் அந்த ஒரு சாண். மேலே வைரம் பாய்ந்த கட்டை, மண்மட்டத்தில் நகத்தால் நோண்டினாலே உதிரும். ஆழத்தில் ஈரத்திலேயே ஊறிய அடிநுனி பல சமயம் கெட்டியாக இருக்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். இரண்டும் சந்திப்பது மண்மட்டத்தில்தான்.

இற்றுப்போச்சு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பிளந்து பார்த்தால் சங்கதி வேறு. கட்டம் கட்டமாக வெடித்து, பழுப்பாகி, நசுக்கினால் தூளாவது ஒன்று. அதில் செல்லுலோஸ் போய் லிக்னின் மிச்சம். வெளுத்து நார்நாராகப் பிரிவது இன்னொன்று. அந்தப் பூஞ்சை லிக்னினையும் விடாது. மரத்தில் நைட்ரஜன் மிகக் குறைவு. காற்றிலிருந்து அதை எடுத்துத் தரும் பாக்டீரியாக்கள் பூஞ்சை இழைகளோடு சேர்ந்தே குடியிருக்கும்.

எல்லாரும் அப்படி ஒத்துப்போவதில்லை. நாள்பட்ட மாம்பலகையில் மைக்கோடு போட்டதுபோல் மெல்லிய கறுப்பு வரி ஓடும். இழைப்புளி போட்டால் அது அழியாது, இடம்தான் மாறும். காரணம், அது கோடே இல்லை. மரத்துக்குள் எழுப்பிய சுவரின் வெட்டுமுகம். எதிரெதிரே வந்த இரண்டு பூஞ்சைகள் ஒன்றையொன்று உள்ளே விடாமல் எழுப்பியது. மேல்நாட்டுக் கடைசல்காரர்கள் இந்த வரிக்காகவே மரத்தை ஈரத்தில் போட்டுவைக்கிறார்கள். நம் ஊரில் அது அடுப்புக்குப் போகும்.

ஐப்பசி மழையில் புதுக்காலில் பச்சைப் பூஞ்சணம் பூத்தால் நெசவாளர்கள் பதறிவிடுவார்கள். அது மேலோட்டமான சர்க்கரையைத் தின்பது. மரத்தின் பலத்தைப் பெரிதாகத் தொடாது. அந்தப் பச்சைக் கூட்டத்தில் ஒன்றுதான் டிரைக்கோடெர்மா. மற்ற பூஞ்சை இழைகளைச் சுற்றி வளைத்து, அவற்றின் சுவரைக் கரைத்துத் தின்னும். 1952 புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பக்கம் தென்னைகளின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியத் தொடங்கியது. கேனோடெர்மா என்னும் பூஞ்சையின் வேலை. தஞ்சாவூர் வாடல் என்றே பெயராகிவிட்டது. அதற்கு எதிராக டிரைக்கோடெர்மா விரிடியையும் சூடோமோனாஸ் பாக்டீரியாவையும் தொழுவுரத்தில் கலந்து தூரில் போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம்.

அதையே தறிக்காலுக்கும் பூசலாமே என்று கேட்கிறார்கள். நான் பூசுவதில்லை. தென்னந்தூரில் எருவும் ஈரமும் அதைப் பிழைக்கவைக்கும். தறிக்காலுக்கு வேண்டியதோ காய்ச்சல். ஈரப்பதம் இருபது சதவீதத்துக்குக் கீழே நின்றால் எந்தப் பூஞ்சையும் வேலை தொடங்காது.

ஆகவே, இற்ற இடத்தோடு நிறுத்தாமல் அதற்கு மேலும் ஒரு சாண் சேர்த்து அறுக்கிறேன்; பார்வைக்கு நல்லதாய்த் தெரியும் மரத்திலும் இழை ஏறியிருக்கும். வேங்கையில் ஒட்டுக்கால் கொடுத்து, கருங்கல்மேல் நிறுத்தி, குழிச்சுவருக்கும் காலுக்கும் நடுவே விரல் நுழையச் சந்து விடுகிறேன். அந்தச் சந்தைத்தான் தறிக்காரர் அடுத்த வாரமே சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார், எலி வருகிறதாம்.