ஆறு பேருக்கு ஒரு பாஸ்வேர்ட்

லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் இல்லாததால், பல தோட்டங்களில் நம்ம கடிதங்கள் முதல்ல ஆபிசுக்குத்தான் போகும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிஞ்ச பிறகு கைக்கு வந்த கதை நம்ம பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஈமெயில் வந்ததோடு இந்தக் கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அப்பாவுக்கு ஈமெயில் திறந்து கொடுத்தது பதுளை டவுனில் ஒரு கடை. பாஸ்வேர்டைப் போட்டதும் அவங்கதான். மறந்துபோனால் கோட் வரும் போன் நம்பரும் கடை நம்பர்தான். பெயர் அப்பாவோடது, சாவி கடையில்.

அக்கா வேலை செய்த சின்ன கம்பனியில் ஆறு பேருக்கு ஒரே மெயில், ஒரே பாஸ்வேர்ட். அவள் விலகி ஆறு மாதமாகியும் பில், ஓடர், பேங்க் விபரம் எல்லாம் அவள் போனுக்கு வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் முக்கியமான மெயில் ஒன்று அழிந்துபோனது. யார் அழித்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. திட்டு வாங்கியது கடைசியாகச் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளை. பொதுப் பாஸ்வேர்டில் பழி எப்பவும் கீழே இருப்பவர் தலையில்தான் விழும்.

கொழும்பிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2023இல் அரசாங்க மின்னஞ்சல் முறைமையை ரென்சம்வேர் தாக்கியது. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மெயில்கள், அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட, தொலைந்தன. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அந்த வருஷம் ஏப்ரலிலேயே நிறுத்தியிருந்தது. அந்தக் காலப்பகுதிக்கு, வலையமைப்புக்கு வெளியே எடுத்து வைத்த பெக்கப்பும் இல்லை.

ஆர்ட்ஸ் படிக்கிற நாங்க இதை ஐடி பிள்ளைகளின் வேலைன்னு தள்ளிவிட முடியாது. செய்ய வேண்டியது கஷ்டமானதும் இல்லை. ஆளுக்கொரு கணக்கு. வேலைக்குத் தேவையான அளவு மட்டும் அனுமதி. பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் இரண்டாவது கோட். ஒருவர் விலகும் அன்றே அவர் கணக்கை மூடுவது. பேங்க் நம்பர் மாறிவிட்டதாக மெயில் வந்தால், காசு அனுப்ப முன் பழைய நம்பருக்கு ஒரு கோல். வேறு இடத்தில் ஒரு பெக்கப்.

லீவுக்கு வீட்டுக்குப் போனால் அம்மா அப்பாவின் ஈமெயிலைத் திறந்து, மீட்பு நம்பர் யாருடையது என்று பாருங்க. அவங்க நம்பரைப் போடுங்க. பாஸ்வேர்டை அவங்க கையாலேயே மாற்றச் சொல்லுங்க. கடிதத்துக்காக ஆபிஸ் வாசலில் நின்றது போதும்.