ஒரே பெயர், இரு பிள்ளைகள்

எங்கள் கவுஞ்சியில் இரு சிறுவர்கள் இருக்கின்றனர். ஒருவன் என் அண்ணன் மகன். கொடைக்கானலிலிருந்து வரும் பேருந்துகளின் நேரங்களைப் பிசகாமல் ஒப்பிப்பான். கேட்பவர் சலித்துவிட்டதை மட்டும் அறியமாட்டான். மற்றவன் அடுத்த தெருப் பிள்ளை. ஒன்பது வயதாகியும் ஒரு சொல் பேசியதில்லை. தகரக் கூரையில் மழை விழுந்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறுவான். இருவரது சான்றிதழிலும் இருப்பது ஒரே சொல்: ஆட்டிசம்.

“டீச்சர், உங்க அண்ணன் மகன் ஓயாமப் பேசுறான், எம் பையன் வாயே திறக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே பேரை எழுதியிருக்காங்களே, அது எப்படி?” என்று அத்தாய் என்னிடம் கேட்டார்.

மருத்துவ உலகமும் நெடுங்காலம் இக்கேள்வியோடு போராடியிருக்கிறது. 1943-இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர், தம்முள் ஒடுங்கி, மாற்றத்தைச் சகிக்காத 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1944-இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், சரளமாகப் பேசியும் பிறரோடு கலந்து பழக இயலாத சிறுவர்களைப் பற்றி எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994-இல் இவற்றைத் தனித்தனிப் பெயர்களில் வகைப்படுத்தியது. ஆனால் எல்லைக்கோடு நிலைக்கவில்லை. ஒரே விதமான குழந்தைக்கு ஓரிடத்தில் ஒரு பெயரும் வேறோரிடத்தில் வேறு பெயரும் கிடைத்தன. ஆகவே 2013-இல் எல்லாம் ‘ஆட்டிச நிறமாலை’ என்னும் ஒரே பெயரில் இணைக்கப்பட்டன.

பெயர் ஒன்றானாலும் வேறுபாடு மறைந்துவிடவில்லை. எவ்வளவு துணை தேவை என்பதைக் கொண்டு மூன்று நிலைகள் வகுக்கப்பட்டன. பிறரோடு தொடர்புகொள்வதற்கு ஒரு நிலை, மாறாத பழக்கங்களுக்கு மற்றொரு நிலை எனத் தனித்தனியே குறிக்கவும் வேண்டும். 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடோ, அறிவு வளர்ச்சியையும் மொழித்திறனையும் வெவ்வேறாகப் பார்க்கச் சொல்கிறது. பேச்சில்லாமை அறிவின்மையாகாது என்பது இதன் உட்பொருள்.

நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஆட்டிசத்தைக் குறிப்பிடவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டமே அதனை 21 வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. மொத்தம் 70 முதல் 106 வரை இலேசானது. 153-க்கு மேல் கடுமையானது. உதவித்தொகைக்கும் பயணச் சலுகைக்கும் இத்தகைய சான்று வேண்டும். எனவே வகைப்பாட்டை வீண் என்று தள்ள இயலாது.

ஆயினும் எண் சொல்லாதது ஒன்றுண்டு. ‘இலேசானது’ என்பது பார்ப்பவரின் அளவு. பிள்ளையின் வேதனைக்கு அளவன்று. பள்ளியின் இரைச்சலைத் தாங்காமல் என் அண்ணன் மகன் வீடு திரும்பும்போது, “நன்றாகத்தானே பேசுகிறான், இவனுக்கென்ன குறை?” என்பர். பேசாத சிறுவனோ, மலைப்பூண்டைப் பெரிது, நடுத்தரம், பொடி எனப் பெரியவர்களைவிட விரைவாகத் தரம் பிரிப்பான், ஆயினும், “இவனுக்கு என்ன தெரியும்?” என்பர். பேசுபவனுக்கு உதவி மறுக்கப்படுகிறது; பேசாதவனுக்கு அறிவு மறுக்கப்படுகிறது.

அத்தாயிடம் சொன்னேன்: “பேரு ஒண்ணுதாம்மா. தேவைதான் வேற வேற. பேரை வச்சு உதவி கேப்போம். பிள்ளையை, பிள்ளையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.”

திருப்பலியில் மணியோசை கேட்டு ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால், வாசகரே, திரும்பி முறைக்க வேண்டாம். அவன் அருகே சற்று இடம் விட்டு அமருங்கள். அந்தத் தாய்க்கு அது பேருதவி.