வேனுக்கு ஒரு மின்கலம்

வைகறை ஐந்தே முக்கால் மணி. ஜாசின் வட்டாரத்துத் தாமான் ஒன்றில், வீட்டு வாசலில் நின்ற ஏழு பேர் அமரும் வேனின் சாவியைப் பெரியவர் திருப்பினார். இயந்திரம் உறுமவில்லை. ‘டக்’ என்று ஓர் ஒலி எழுந்தது. அதனோடு முன்விளக்குகளின் ஒளியும் மங்கிப் போயிற்று. பின்னிருக்கையில் சீருடையணிந்த பேரப்பிள்ளைகள் மூவர் புத்தகப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தனர்.

அவர்கள் பயிலும் தமிழ்ப்பள்ளி, குடும்பம் முன்பு குடியிருந்த தோட்டத்தின் ஓரத்தில், பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தாமானை அடுத்திருக்கும் தேசியப் பள்ளிக்கோ நடந்தே போய்விடலாம். பிள்ளைகளின் தந்தை ஆயர் குரோ தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து திரும்ப எட்டு மணியாகும். ஆகவே, அந்த வேன் ஓடும் வரையில்தான் அம்மூவரும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள். இதனை வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆயினும் எல்லாரும் அறிந்திருந்தனர். அன்று அண்டை வீட்டாரின் காரிலிருந்து கம்பி கொடுத்து வண்டியைக் கிளப்பியாயிற்று. பள்ளி மணி அடித்த பிறகே போய்ச் சேர்ந்தனர்.

மாலையில், எந்த மின்கலத்தை வாங்குவது என்ற கேள்வி கூடத்திற்கு வந்தது. இருப்பதிலேயே பெரியதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்றார் மருமகன். பழுது பார்த்துப் புதுப்பித்த மின்கலம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார் தேநீர்க்கடை நண்பர். இருவர் சொன்னதிலும் வண்டியைப் பற்றிய பேச்சே இல்லை.

பேட்டரி என்று உலக வழக்கில் நாம் சொல்லும் சொல், முதலில் வரிசையாக நிறுத்திய பீரங்கிகளைக் குறித்தது. மலாக்காக்காரர்களுக்கு இது எளிதில் விளங்கும். 1511 இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையின் எஞ்சிய வாயிலருகே இன்றும் பீரங்கிகளைக் காணலாம். 18 ஆம் நூற்றாண்டில் மின்னாய்வு செய்த பெஞ்சமின் பிராங்கிளின், தம் கண்ணாடிக் குடுவைகளை வரிசையாக இணைத்தபோது அப்பெயரை அவற்றுக்கு இட்டார். வண்டியில் இருப்பதும் ஒரு வரிசைதான். ஏறத்தாழ இரண்டு வோல்ட்டு தரும் கலங்கள் ஆறு அதனுள் அடுத்தடுத்து இணைந்துள்ளன. அந்த வகையில் ‘மின்கல அடுக்கு’ என்ற தமிழாக்கம் மூலத்தைவிடத் தெளிவானது. நீளங்கருதி நாம்தாம் அதைச் சுருக்கிவிட்டோம்.

காரீயத் தகடுகளை நீர்த்த கந்தக அமிலத்தில் நிறுத்தி, மீண்டும் மின்னேற்றக்கூடிய கலத்தைப் பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே 1859 இல் அமைத்தார். அடிப்படை அன்றிலிருந்து பெரிதும் மாறவில்லை. மாறியது மேலுறை. இக்காலத்து மின்கலங்கள் நெகிழிப் பெட்டிக்குள் இருக்க, முந்தைய தலைமுறையின் கார்களில் அது கெட்டி ரப்பராலான கறுப்புப் பெட்டியாக இருந்தது. மலாயாவில் வாணிகத்திற்காக ரப்பர் முதன்முதலில் பயிரானது இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில், 1896 இல், தான் சே யானின் நிலத்தில். புக்கிட் ஆசாகான் பக்கத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய பெரியவருக்கு இச்செய்தி தெரியுமோ தெரியாதோ, கறுப்புப் பெட்டிகளை அவர் கண்டதுண்டு.

மறுநாள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அவர் ஜாசின் பட்டணத்துப் பட்டறை ஒன்றுக்குப் போனார். அங்கிருந்த தமிழ் இளைஞர் உடனே எதையும் விற்க முற்படவில்லை. முதலில் அளவுகருவியை எடுத்தார். வண்டி ஓய்ந்து நின்று சற்று நேரமான பின் 12.1 வோல்ட்டு, முழுதும் ஏறிய மின்கலமாயின் 12.6 இருக்க வேண்டும். சாவியைத் திருப்புகையில் எட்டுக்கும் கீழே விழுந்தது. இயந்திரம் ஓடும்போது 14.2 காட்டியது. ஆகவே மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை, குறை மின்கலத்தில்தான். இந்தச் சோதனையைச் செய்யாமல் புதியதை வாங்கிப் பொருத்தி, ஒரே மாதத்தில் அதையும் சாகவிட்டவர்கள் பலர்.

பிறகு அவர் மின்கலத்தின் பக்கவாட்டில் செருகியிருந்த மரக்கட்டை ஒன்றை வெளியே எடுத்தார்.

“ஐயா, பழசு என்ன அளவுன்னு பார்க்காதீங்க. வண்டிக்கு என்ன அளவுன்னு பாருங்க.”

வேனின் முன்பெட்டியில் கிடந்த கையேட்டைப் புரட்டியபோது உண்மை வெளிப்பட்டது. வண்டிக்குரியது என்.எஸ்.60 எல். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில், விலை குறைவென்று பொருத்திக்கொண்டு வந்ததோ என்.எஸ்.40 இசட் எல். முன்னதன் நீளம் ஏறக்குறைய 24 செண்டிமீட்டர், பின்னதன் நீளம் 20. எஞ்சிய நான்கு செண்டிமீட்டரை அடைக்கத்தான் அந்தக் கட்டை! தோட்டத்துச் செம்மண் சாலையின் ஒவ்வொரு குழியிலும் மின்கலம் குலுங்கியிருக்கிறது. குலுக்கலில் தகடுகளின் மேற்பூச்சு உதிர்ந்து அடியில் படியும். கொள்ளளவிலும் குறைவு: 45 ஆம்பியர்-மணிக்குப் பதில் 35. பள்ளி விடும் வரை இயந்திரத்தை அணைத்துவிட்டு, காற்றாடியையும் வானொலியையும் ஓடவிட்டு அரைமணி நேரம் காத்திருப்பது பெரியவரின் வழக்கம். பிள்ளைகள் அணைக்க மறந்த 10 வாட்டு உள்விளக்கு ஒன்று மணிக்கு 0.8 ஆம்பியர்-மணி குடிக்கும். சனிக்கிழமை காலை முதல் திங்கள் விடியல் வரை எரிந்தால் சிறிய மின்கலம் முழுதும் வற்றிவிடும். இப்படி வற்றி வற்றி ஏறும்போது தகடுகளில் காரீய சல்பேட்டு இறுகிப் படிந்து, பின் கரைய மறுக்கிறது.

அப்படியானால் மருமகன் சொன்னபடி இன்னும் பெரியதை வாங்கலாமே? அது தட்டில் அமராது. அமர்ந்தாலும் முனைகள் மூடியில் இடிக்கக்கூடும். கடைசியில் வரும் ‘எல்’ என்ற எழுத்தும் அலங்காரத்திற்கன்று. நேர்முனை எப்பக்கம் இருக்கிறது என்பதை அது குறிக்கிறது. ‘ஆர்’ வகையை வாங்கினால் கம்பி எட்டாது. இழுத்துத் தலைகீழாக மாட்டினாலோ ஆல்டர்னேட்டரே பாழ். சில பெட்டிகளின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ‘குளிர்நிலை’ ஆம்பியர் அளவு, சுழியத்திற்குக் கீழ் 18 பாகைக் குளிரில் எடுக்கப்படுவது. மலாக்காவில் அதைக் கண்டு மயங்கவேண்டியதில்லை. இங்கே பகை வெப்பம். வெப்பம் ஏற ஏற உள்ளே அரிமானம் விரைவதால், குளிர்நாடுகளில் ஐந்தாறு ஆண்டு உழைக்கும் மின்கலம் நம் நாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடுகிறது. எனவே எண்களைவிடத் தயாரித்த தேதியைப் பார்ப்பதே அறிவுடைமை. கடையலமாரியில் ஓராண்டு உறங்கிய மின்கலம், வாங்கும்போதே பாதி கிழம். நிறுத்தத்தில் இயந்திரம் தானே அணைந்து தானே கிளம்பும் புதுவகை வண்டிகளுக்கு வேறு வகை மின்கலம் வேண்டும். பெரியவரின் வேன் அவ்வளவு நாகரிகம் கண்டதன்று.

விலையில் ஐம்பது வெள்ளி கூடுதலாயிற்று. பழையதைக் கொடுத்ததில் சிறிது கழிந்தது. அதிலுள்ள காரீயத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம் என்பதாலேயே இந்தக் கழிவு. அதைப் புதரில் வீசுவது குற்றமும் ஆகும். 2005 ஆம் ஆண்டு விதிகள் அதனைப் பட்டியலிட்ட கழிவாகக் கொள்கின்றன.

புதிய மின்கலம் தட்டில் சிக்கென்று அமர்ந்தது. இளைஞர் மேற்பட்டையை முடுக்கியதும் பெரியவர் இருகையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. பிறகு பட்டறையில் கிடந்த வெள்ளைச் சாயத்தையும் தூரிகையையும் கேட்டு வாங்கி, வெட்டுப்பட்டையின் அளவறிய மரத்தில் குறியிட்ட பழைய பழக்கத்தில், பெட்டியின் பக்கவாட்டில் அன்றைய நாளையும் மாதத்தையும் எழுதினார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பள்ளி விடுவதற்குள் போய்ச் சேர வேண்டும்.